குளத்துக்கு எதிரான படங்காட்டி

என் முதலாளி எழுதித் தந்ததைப் போல ஒரு நற்சான்றுக் கடிதத்தை எந்த முதலாளியும் எந்த அகதிக்கும் எழுதியிருக்க மாட்டார். நான் நேரம் தவறாதவன், பொய் சொல்லாதவன், குளிரைப் பற்றி முறைப்பாடு செய்யாதவன் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசிப் பந்தியில் அந்த நல்ல மனிதர் இப்படி முடித்திருந்தார்: ‘டாங்கி எதிர்ப்பு ஆயுதத்தைக் கையாள்வதில் இவருக்கு இணையாக எங்களிடம் வேறு ஒருவரும் இல்லை.’

இலங்கையில் யுத்தம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோவுக்கு வந்து அகதியாகப் பதிந்து இரண்டு வருடம். விசாரணைக்கு இன்னும் மூன்று கிழமைதான். அந்தக் கடிதத்தை ஒட்டிய உறையோடு, படித்துப் பார்க்காமலே கொண்டுபோய் லோயரின் அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே வேலை செய்த பிள்ளையும் அதைப் படிக்காமல் மற்றத் தாள்களோடு சேர்த்து அகதிகளை விசாரிக்கும் சபைக்கு அனுப்பிவிட்டது. நற்சான்று என்றால் நல்லதாகத்தானே இருக்கும் என்று எல்லோரும் நினைத்துவிட்டோம்.

அதே தாள் கட்டுக்குள் என்னுடைய சத்தியக்கூற்றும் இருந்தது. அதன் ஒன்பதாவது பந்தி: ‘நான் என் வாழ்நாளில் எந்த ஆயுதத்தையும் தொட்டதில்லை.’ அது முழு உண்மை. அதை அவர்கள் நம்பினால் எனக்கு இந்த நாடு. நம்பாவிட்டால் விமானம் ஏற்றி, நான் எங்கிருந்து ஓடி வந்தேனோ அங்கேயே கொண்டுபோய் இறக்குவார்கள். இறக்கும் இடத்தில் யார் நின்று வரவேற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு முறை பதினொரு நாள் அவர்களின் விருந்தாளியாக இருந்திருக்கிறேன்.

எனக்கு வேலை ஸ்காபரோவின் தெற்கே, ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கிடங்கில். சினிமாவுக்கும் ரி.வி.க்கும் பொருள்களை வாடகைக்கு விடும் இடம். பழைய ரெலிபோன், ஆஸ்பத்திரிக் கட்டில், சவப்பெட்டி, பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் துவக்குகள், பிஸ்டல்கள் என்று எல்லாம் இருந்தன. ரொறன்ரோ நகரம் படங்களில் தன் சொந்தப் பெயரில் வருவது குறைவு. நியூயோர்க்காக வரும், சிக்காகோவாக வரும். நானும் இந்த நகரத்துக்கு வேறொருவருடைய பெயரில்தான் வந்து இறங்கினேன், அதனால் எங்களுக்குள் ஆரம்பத்திலேயே ஒத்துப்போய்விட்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி ஒரு பட்டியலைத் தந்து, அதில் உள்ளதையெல்லாம் வண்டியில் ஏற்றச் சொன்னார். மூன்றாவது வரியில் ‘புரொஜெக்ரர், ஒன்று’ என்று இருந்தது. நான் மேல் தட்டில் தேடி, பதினாறு மில்லிமீற்றர் படம் ஓட்டும் புரொஜெக்ரர் ஒன்றைக் கண்டுபிடித்து, தூசு தட்டி, சுருள்களையும் சேர்த்து ஏற்றிவிட்டு, கெட்டிக்காரன் என்ற பெயரை எதிர்பார்த்து நின்றேன். முதலாளி வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்காமல் ஒரு சவப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைக் கூண்டுக்குள் கூட்டிப்போய் உண்மையான புரொஜெக்ரரைக் காட்டினார்.

அதைப் பார்த்து ஆயுதம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மூன்று அடிக்குக் கொஞ்சம் கூடிய நீளத்தில் பச்சை பூசிய இரும்புக் குழாய். ஒரு முனையில் ஊன்றுகோலில் இருப்பதுபோல ஒரு தோள் மெத்தை. மறு முனையில் தகரத்தை அரைவட்டமாக வளைத்துச் செய்த ஒரு தொட்டில். குண்டை அந்தத் தொட்டிலில் படுக்க வைக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் காலாட்படையும் கூட நின்ற கனேடியரும் இதை வைத்துத்தான் ஜெர்மன் டாங்கிகளை மறித்தார்களாம். முழுப் பெயர் ‘புரொஜெக்ரர், இன்பன்ரி, அன்ரி ராங்க்.’ முதல் எழுத்துகளைச் சேர்த்துப் ‘பியற்’ என்று வெள்ளைக்காரர் சொன்னார்கள். எனக்கு வசதியாக நான் ‘அன்ரி’ என்று சொல்லத் தொடங்கினேன்.

இதனால் ஒரு சிக்கல் வந்தது. நான் குடியிருந்தது ஒரு தமிழ்க் குடும்பத்தின் பேஸ்மன்றில். ஒரு காலை போனில் முதலாளியின் டிரைவரோடு, அவரும் எங்கள் ஊர்க்காரர், “அன்ரியைத் துணியால சுத்திப் பெட்டிக்குள்ள படுக்க வைச்சிட்டன், அசையமாட்டா, நீங்கள் வந்து தூக்குங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே படியில் வீட்டுக்கார அன்ரி உடுப்புக்கூடையோடு நின்றிருக்கிறா. அதன் பிறகு ஒரு மாதத்துக்குச் சலவை மெசினுக்குத் தனியாக அவ கீழே இறங்கவில்லை.

அன்ரியின் சூட்சுமம் உள்ளே இருந்த தடித்த சுருள்வில். அதை இழுத்துப் பூட்டினால்தான் அது வேலை செய்யும். எங்களிடம் இருந்தது குண்டை அடித்துத் தள்ளும் முன் முள்ளை வெட்டி, துளையை உருக்கி அடைத்த செத்த ஆயுதம். ஆனால் வில்லுக்கு மட்டும் இன்னும் உயிர் இருந்தது. இரண்டு காலையும் தோள் மெத்தையில் ஊன்றி, குழாயைக் கால்வாசி திருப்பி, முழங்காலை நிமிர்த்தி எழும்ப வேண்டும். முறை தெரியாதவருக்கு அடிமுதுகில் நாரி விட்டுப்போகும். வாரம் ஒரு தடவை இழுத்து விடாவிட்டால் வில் துருப்பிடிக்கும் என்று முதலாளி நம்பினார், ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பூசையைச் செய்தது நான்.

படங்களில் எந்த நடிகரும் அதை இழுப்பதில்லை. ஏற்கெனவே இழுத்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு தோளில் வைப்பார்கள். அடுத்த கணம் டாங்கி எரியும். உண்மையில் டாங்கி பக்கத்தில் வரும்வரை மண்ணில் படுத்துக் காத்திருக்க வேண்டுமாம். அப்படி அடித்த குண்டும் சில வேளை வெடிக்காமல் துள்ளி விழுமாம். சினிமாவில் ஒரு குண்டுகூடத் தவறியதில்லை என்று முதலாளி கொஞ்சம் வருத்தத்தோடு சொல்வார்.

அன்ரியின் கழுத்தில் ஒரு மட்டை கட்டியிருந்தது. அது இதுவரை நடித்தவற்றின் பட்டியல். பதினொரு தடவை திரையில் வந்திருந்தது. அதில் ஆறு தடவை லொறியின் பின்னால் சும்மா கிடந்தது. ஒரு தடவை வெள்ளி நிறம் பூசி வேற்றுக்கிரகவாசியின் கையில் கொடுத்திருந்தார்கள். ஒரு தடவை நீர்மூழ்கிக் கப்பலின் குழாயாக வந்தது. ஒரு நாடகத்தில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சும் சாதனமாகவும் நடித்திருக்கிறது. நான் எங்கே வேலை கேட்டுப் போனாலும் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அன்ரிக்கு அது என்னைவிடக் கூட இருந்தது.

பன்னிரண்டாவது தடவைதான் என் தடவை. கனேடியப் படைகள் ஒல்லாந்தை மீட்ட கடைசிக் கிழமைகளைப் பற்றி ஒரு ரி.வி. தொடர் எடுத்தார்கள். பிக்கரிங்குக்கு அப்பால் ஒரு வெறும் வயலில் வாய்க்கால் வெட்டி, ஒட்டுப்பலகையில் ஒரு காற்றாலை கட்டி, அதை ஒல்லாந்து ஆக்கினார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் வந்து கோட்டை கட்டிவிட்டுப் போனவர்களின் நாட்டை மீட்க நானும் போகிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

இயக்குநர் நுணுக்கம் பார்க்கிறவர். வில்லை உண்மையாக இழுப்பதைக் கிட்ட வைத்துக் காட்ட வேண்டும் என்றார். நடிகர் மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை நாரியைப் பிடித்துக்கொண்டு புல்லில் படுத்துவிட்டார். முதலாளி என்னைக் காட்டினார். எல்லோரும் என் நிறத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கைகள் மட்டும்தானே என்று இயக்குநர் முடிவெடுத்தார். மேக்கப் பெண் என் கைகளில் சேற்றைப் பூசினாள். சேறு பூசினால் எல்லாக் கையும் ஒரே நிறம்தான் என்று அன்பாகச் சொன்னாள். நல்ல தத்துவம், ஆனால் அது மணிக்கட்டு வரைக்கும்தான்.

இழுப்பது ஒரே தடவையில் சரியாக வந்தது. அடுத்ததில் மாட்டிக்கொண்டேன். குண்டு வெடிக்கும் கணத்தில் என் கைகள் திடுக்கிட வேண்டும். வெடிச் சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்களாம், அதுவரைக்கும் ஒரு உதவி இயக்குநர் கோப்பிக் கோப்பையைப் பிடித்தபடி “பாங்!” என்று கத்துவார். அவர் கத்தினார். என் கைகள் அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. வாழ்க்கையில் ஷெல் சத்தமே கேட்டதில்லையா என்று இயக்குநர் கேட்டார். கேட்டிருக்கிறேன் என்றேன். அப்படியானால் அதை நினைத்துக்கொள் என்றார். நினைத்துப் பார்த்தேன், ஆனால் கோப்பிக் கோப்பையோடு ஒருவர் வாயால் பாங் என்று சொல்லும்போது எப்படித் திடுக்கிடுவது? ஏழாவது தடவைக்குப் பிறகு, இவனுக்கு நடிப்பு வராது, திடுக்கிட முன்னர் வெட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். என் நடிப்பு வாழ்க்கை நாலு செக்கனில் முடிந்தது.

வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது அதே படப்பிடிப்பில், வெற்றிக் கொண்டாட்டத்தை எடுத்த கிழமை. துணை நடிகர்கள் தொப்பியை எறிந்து, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்கள். எனக்குக் கொடுத்த வேலை ஏணியில் நின்று காகிதப் பூத்துண்டுகளைத் தூவுவது. சந்தோஷம் காணாது, இன்னும் வேண்டும் என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த மனிதரின் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை, அவர் ஒரு பிழையும் செய்யவில்லை என்று தெரிந்தும். கூடையை வைத்துவிட்டு உடுப்பு லொறியின் பின்னால் போய் அழுதேன். உடுப்புக்குப் பொறுப்பான பெண் வந்து, தன் தாத்தாவும் அந்த யுத்தத்தில் நின்றவர், தனக்கும் இந்தக் காட்சி தாங்க முடியவில்லை என்று சொல்லி என்னோடு சேர்ந்து அழுதாள். நான் திருத்தவில்லை. பிறகு இரண்டு பேரும் வேலைக்குப் போனோம்.

இனி லோயர். ஆறு வயதில் இங்கே வந்த பிள்ளை அவர், வயதில் எனக்கு இளையவர், மார்க்கம் நகரில் அலுவலகம். கடிதம் சபைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் அதைப் படித்தார். போன் செய்து என்னை உடனே வரச் சொன்னார்.

“அண்ணா, உந்தக் கடிதத்தை வாசிச்சனீங்களா?”

“இல்லை. நல்லாத்தானே எழுதியிருப்பார்?”

“நல்லாவா? யூ ஆர் அன் எக்ஸ்பேர்ட் இன் அன்ரி ராங்க் வெப்பன்ஸ் எண்டு எழுதியிருக்கிறார்! ஒன்பதாம் பராகிராப்பில நாங்கள் என்ன சொன்னனாங்கள்?”

கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. வாங்கினால் இன்னும் சந்தேகம். கடைசியில் ஒரு வழிதான் இருந்தது. அது வெறும் சினிமாப் பொருள் என்று படத்தையே போட்டுக் காட்டுவது. முதலாளி தன் கடிதத்தின் விளைவைக் கேட்டு இருந்த வெள்ளையைவிட இன்னும் வெளிறிப்போனார். படக்காரரிடம் கெஞ்சி, சத்தமெல்லாம் சேர்த்து முடித்திருந்த அந்தப் பகுதியை ஒரு டிவிடியில் வாங்கிக் கொடுத்தார். நான் அதை முன்கூட்டிப் பார்க்கவில்லை. என்னிடம் பார்க்க ஒரு பெட்டி இருக்கவில்லை, என் கைகளை எனக்குத் தெரியாதா என்றும் இருந்துவிட்டேன்.

“இன்னொண்டு அண்ணா,” என்றார் லோயர். “அங்க நோ டிராமா, ஓகே? படம் காட்டுறீங்கள் எண்டு நினைச்சிட்டா முடிஞ்சுது. அழுகை உண்மையா வந்தா மட்டும் அழுங்கோ.”

இல்லாததை இருப்பதுபோலக் காட்டுவதை எங்கள் ஆட்கள் ‘படம் காட்டுறது’ என்பார்கள். படம் காட்டக் கூடாது, ஆனால் படத்தைக் காட்ட வேண்டும். அந்த நாளுக்கு என்னிடம் இருந்த திட்டம் இவ்வளவுதான்.

விசாரணை நகரத்தின் நடுவே ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில். சின்ன அறை, பெரிய மேசை. எதிரே சபை உறுப்பினர், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண். அவர் நீதிபதி இல்லை, ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர்கள் ஜட்ஜ்தான். எனக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எழுபதை நெருங்கியவர், கோட்டும் கழுத்துப்பட்டியும், சட்டைப் பையில் ஒரு பேனை. இலங்கையில் நீர்ப்பாசன இலாகாவில் இருந்தவர் என்று லோயர் சொல்லியிருந்தார். பதினெட்டு வருடமாகக் கனடாவில் இருக்கிறார். நான் வணக்கம் சொன்னதற்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர் யாருடைய பக்கமும் சாயக் கூடாது என்பது சட்டம், அவர் அதைக் கழுத்துவரை கடைப்பிடித்தார்.

முதல் ஒன்றரை மணித்தியாலம் என் கதை. எங்கே பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எதனால் அடித்தார்கள், ஷெல் விழுந்தபோது யார் வீட்டில் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். அதுதான் பிழையாகப் போனது. என் பதில்கள் எழுத்தில் கொடுத்ததோடு அச்சொட்டாகப் பொருந்துகின்றன, மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதுபோல இருக்கிறது என்று ஜட்ஜ் சொன்னார். இரண்டு வருடமாகப் பொலிஸ், லோயர், டொக்ரர் என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. மாற்றிச் சொன்னால் பொய், மாற்றாமல் சொன்னால் பாடம். நான் என்ன செய்ய?

அடுத்ததாக, உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று கேட்டார். லோயர் என்னவெல்லாமோ தாள்களை எடுத்துக் காட்டினார். ஜட்ஜ் அவற்றைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாளியின் கடிதத்தைக் கையில் எடுத்தார். அன்ரியின் முழுப் பெயரையும் முதலாளி அதில் எழுதி வைத்திருந்தார்.

அவர் ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் யோசித்து, கம்பீரமான குரலில் தமிழாக்கினார்:

“நீர் குளத்துக்கு எதிரான காலாட்படைப் படங்காட்டி ஒண்டை இயக்கினனீர் எண்டு கடிதத்தில கிடக்காம். எந்தக் குளத்துக்கு எதிரா, ஏன் எண்டு அம்மா கேக்கிறா.”

எனக்கு ஒரு வினாடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இலங்கையில் ஆங்கிலம் படித்த எவருக்கும், அதுவும் நீர்ப்பாசன இலாகாக்காரருக்கு, ‘ராங்க்’ என்றால் குளம்தான். வேறென்ன?

“ஐயா, உது குளமில்லை. யுத்த டாங்கி,” என்றேன்.

“தம்பி, ராங்க் எண்டாக் குளம். நான் உதில முப்பது வருஷம் சேர்விஸ்.”

“இது ஓடுற ராங்க் ஐயா.”

“ராங்க் எங்கையப்பா ஓடுறது? குளத்து வான் கதவைத் திறந்தாத் தண்ணி ஓடும்.”

லோயர் கோப்பை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கோப்பு நடுங்கியது. நீங்கள் இருவரும் என்ன பேசுகிறீர்கள், அதையும் மொழிபெயர்க்க வேண்டும் என்று ஜட்ஜ் கண்டிப்பாகச் சொன்னார். சாட்சிக்காரருக்கும் தனக்கும் தண்ணீர் பற்றி ஒரு கருத்து வேறுபாடு என்று மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு விளங்கிய அளவில் அது நேர்மையான மொழிபெயர்ப்புத்தான்.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நேரடியாக வந்தது: ஆயுதம் தொட்டதில்லை என்று சத்தியம் செய்தவரைப் பற்றி முதலாளி ஏன் இப்படி எழுதுகிறார்? லோயர் கோப்பை இறக்கி வைத்து, அது செத்த ஆயுதம், படத்தில் வருவது, அந்தப் படமே கையில் இருக்கிறது என்றார். பார்க்கலாம் என்றார் ஜட்ஜ்.

அலுவலகப் பெண் ஒருவர் ரி.வி. பெட்டியைச் சில்லு வைத்த மேசையில் தள்ளிக்கொண்டு வந்து டிவிடியைப் போட்டார். வயல் வந்தது. காற்றாலை வந்தது. வாய்க்காலுக்குள் இரண்டு சிப்பாய்கள் படுத்துக் கிடந்து குசுகுசுத்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை என்றார் ஜட்ஜ். அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கேட்கவில்லை. முழுவதும் கூட்டினார். என் கைகள் வந்தன. சேறு பூசிய, எந்த நாட்டுக்காரனுக்கும் சொந்தமாக இருக்கக்கூடிய கைகள். குழாயைத் திருப்பின, இழுத்தன, வில் பூட்டிய சத்தம் ‘க்ளக்’ என்று கேட்டது. அது நான்தான் என்று சொல்ல விரலை நீட்டினேன்.

அப்போது வெடித்தது.

அடுத்து நான் அறிந்தது, என் முகத்துக்கு முன்னால் கம்பளம். எப்படிக் கீழே வந்தேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல் தூக்கி, காதுகளை விரலால் அடைத்து, வாயைத் திறந்தபடி மேசைக்குக் கீழே கிடந்தேன். வயலில் ஏழு தடவை கேட்டும் வராத நடிப்பு, வரவே கூடாத இடத்தில் வந்துவிட்டது. படம் காட்டாதே என்று லோயர்ப் பிள்ளை எத்தனை தடவை சொன்னது! முடிந்தது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். வெட்கத்தில் எழும்ப முடியவில்லை. தலையை மெல்லத் திருப்பினேன்.

எனக்கு முன்னரே அங்கே ஒருவர் இருந்தார்.

கோட்டு, கழுத்துப்பட்டி எல்லாவற்றோடும் மொழிபெயர்ப்பாளர் படுத்துக் கிடந்தார். முழங்கைகள் ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், இரண்டு காதிலும் விரல். வாயில், பற்களுக்கு நடுவே, அந்தப் பேனை. எங்கள் கண்கள் சந்தித்தன. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மேலே யாரோ ரி.வி.யை நிறுத்தினார்கள். பிறகு ஜட்ஜின் கண்ணாடி மேசை விளிம்புக்குக் கீழே தெரிந்தது. அவர் குனிந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாதவர். படுத்தபடியே அதைத் தமிழில் சொன்னார், ஆனால் பேனை வாயில் இருந்ததால் ஒன்றும் விளங்கவில்லை. பேனையை எடுத்துவிட்டுத் திரும்பச் சொன்னார்:

“ஏன் வாயைத் திறந்து வைச்சிருக்கிறீர் எண்டு கேக்கிறா.”

“காதுச் சவ்வு வெடிக்காமல் இருக்க ஐயா.”

“நெஞ்சு ஏன் நிலத்தில படேல்லையாம்?”

“குண்டு அதிர்ச்சி நிலத்தால வரும் எண்டு.”

“ஆர் சொல்லித் தந்தது எண்டு கேக்கிறா.”

“பள்ளிக்கூடத்தில. ஐஞ்சாம் வகுப்பில.”

அதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார், ‘ஐந்தாம் வகுப்பு’ என்பதை மட்டும் இரண்டு தடவை. அன்றைக்கு அவர் செய்த மொழிபெயர்ப்புகளில் அது ஒன்றுதான் ஒரு பிழையும் இல்லாதது என்று நினைக்கிறேன்.

ஜட்ஜ் நிமிர்ந்தார். கடிதத்தைக் கோப்புக்குள் வைத்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கே விளங்கியது. என்றாலும் மொழிபெயர்ப்பாளர் முழங்காலில் எழுந்து, கழுத்துப்பட்டியை நேராக்கி, எனக்குக் கை கொடுத்துத் தூக்கியபடி சொன்னார்: “இனிக் கேள்வி இல்லையாம்.”

என்னை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது அடுத்த மாதம். விசாரணை முடிந்த அன்றைக்கு எலிவேற்றரில் நானும் மொழிபெயர்ப்பாளரும் மட்டும் இறங்கினோம். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கதவைப் பார்த்தபடி, “நன்றி ஒண்டும் வேண்டாம் தம்பி. பேனை விழுந்திட்டுது, எடுக்கத்தான் குனிஞ்சனான்,” என்றார். பேனையில் பல் பதிந்த அடையாளம் பளிச்சென்று தெரிந்தது. நான், “ஓம் ஐயா,” என்றேன்.

தொடர் நவம்பரில் ஒளிபரப்பானது. அந்தக் கிழமை ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி எடுக்கும்போது அவரைக் கண்டேன். யுத்தத்தில் செத்த சிப்பாய்களை நினைத்து இங்கே எல்லோரும் குத்துகிற சிவப்புப் பூவைக் கோட்டில் குத்தியிருந்தார். கத்தரிக்காயை அமத்திப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உம்முடைய படம் ரி.வி.யில போனது. பாத்தீரோ?”

“பாத்தனான் ஐயா. நீங்கள்?”

“பாத்தனான். கை நல்லாத் தெரிஞ்சுது.” கத்தரிக்காயைத் திரும்ப வைத்தார். “சத்தம் எப்பிடி இருந்தது?”

“தெரியாது ஐயா. நான் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் பாத்தனான்.”

அவர் இன்னொரு கத்தரிக்காயை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“நானும்தான்,” என்றார்.